முறுக்கு சுட்டது அண்ணி, பணம் வந்தது அண்ணன் கணக்குக்கு! - வீட்டுத்தொழிலுக்கு வரி எண் வாங்கிய கதை

சேலத்தில் இருக்கும் என் அண்ணி பல வருடங்களாக முறுக்கு, அதிரசம், தட்டுவடை செய்து விற்கிறார். முதலில் தெருக்காரர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு கல்யாண வீடுகளுக்குச் சீர் பலகாரம். அப்புறம் வாட்ஸ்அப் வந்தது, கூரியர் வந்தது, இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது போன் செய்தார். குரலில் சந்தோஷமும் பதற்றமும் சரிபாதி.

"தம்பி, பெங்களூருல ஒரு கம்பெனியில முந்நூறு பாக்ஸ் கேக்குறாங்க. ஸ்டாஃபுக்குத் தீபாவளிக்குக் கொடுக்கவாம். ஜி.எஸ்.டி நம்பர் அனுப்பச் சொல்றாங்க. உங்க அண்ணன் பான் கார்டு நம்பரைக் கொடுத்தாப் போதுமா?"

போதாது. அந்த ஒரு கேள்விக்குள்ளேயே, வீட்டிலிருந்து தொழில் செய்யும் நம் பெண்களில் பலர் செய்யும் எல்லாத் தவறும் இருந்தது. அண்ணியின் தொழிலுக்கு அண்ணன் நம்பர் எதற்கு? பான் வேறு, ஜி.எஸ்.டி எண் வேறு. வருமானம் குறைவாக இருந்தாலும் சில நேரம் ஜி.எஸ்.டி எண் கட்டாயம். இந்த மூன்றும் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும், பத்திரிகைக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கும் சேர்த்து, தெளிவாகத் தெரியாது.

யாருடைய தொழில், யாருடைய நம்பர்?

பான் என்பது வருமான வரித்துறை கொடுக்கும் பத்து இலக்க நிரந்தரக் கணக்கு எண். தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு, அதாவது பார்ட்னர் இல்லாமல், கம்பெனியாகப் பதிவு செய்யாமல் நடத்துபவருக்கு, கடைக்கென்று தனி பான் கிடையாது. உரிமையாளரின் பான்தான் கடையின் பான். உங்கள் கார்டை எடுத்து நான்காவது எழுத்தைப் பாருங்கள். ஆங்கில 'பி' இருக்கும். தனிநபர் என்று அர்த்தம். கம்பெனிக்கு அந்த இடத்தில் 'சி' வரும், கூட்டு நிறுவனத்துக்கு 'எஃப்'.

ஆக, அண்ணியின் தொழிலுக்கு அண்ணியின் பான்தான் வேண்டும். நல்லவேளை, பல வருடங்களுக்கு முன் வங்கிக் கணக்கு தொடங்கியபோது எடுத்த கார்டு பீரோவில் இருந்தது. ஆனால், ஆறு வருடப் பலகாரப் பணம் மொத்தமும் அண்ணனுடைய ஜிபே-க்குத்தான் போய்க்கொண்டிருந்தது. "அவர் போன்ல சத்தம் போட்டுச் சொல்லும், பணம் வந்தது எனக்கும் கேட்கும்" என்றார் அண்ணி.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அதற்கு முந்தைய வருடம் மாவு பிசையும் மெஷின் வாங்க வங்கியில் முத்ரா லோன் கேட்டுப் போயிருக்கிறார். ஒரு வருட ஸ்டேட்மென்ட் கேட்டார்கள். அவர் கணக்கில் இருந்தது கேஸ் மானியமும் மகளிர் குழுச் சேமிப்பும்தான். தொழில் நடக்கிறது என்பதற்கு அவர் கையில் எண்ணெய்ச் சட்டியைத் தவிர வேறு ஆதாரமே இல்லை. அண்ணனுக்கும் இது நல்லதில்லை. மில் சம்பளம் வாங்கும் கணக்கில் தினமும் இருநூறு, ஐந்நூறு என்று யார் யாரோ பணம் போட்டால், நாளைக்கு வரித்துறை விளக்கம் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

இனிஷியல் என்ற தலைவலி

பான் இருக்கிறது, வேலை முடிந்தது என்று நினைத்தோம். ஆதாரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பான் கார்டில் அண்ணி பெயரோடு அவர் அப்பா பெயர் முழுதாக இருந்தது. ஆதாரில், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றியதால், அண்ணன் பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக இருந்தது. வங்கிப் பாஸ்புக்கில் வெறும் பெயர் மட்டும். மூன்று ஆவணம், மூன்று பெண்கள்.

இது நம் ஊருக்கே உரிய சிக்கல். விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால், அந்தக் கட்டத்தில் ஒற்றை எழுத்தை ஏற்க மாட்டார்கள். எஸ்.கவிதா என்பவர் சண்முகத்தின் மகள் என்றால், கடைசிப் பெயர் கட்டத்தில் சண்முகம் என்று முழுதாக எழுத வேண்டும். இனிஷியலே இல்லாமல் ஒரே பெயரில் இருப்பவர்கள், அந்த ஒரே பெயரைக் கடைசிப் பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு முதல் பெயரைக் காலியாக விட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கார்டின் ஐந்தாவது எழுத்து, இந்தக் கடைசிப் பெயரின் முதல் எழுத்துதான்.

இன்னொன்று. பான் விண்ணப்பத்தில் அப்பா பெயர் கேட்கும் இடத்தில், திருமணமான பெண்களும் அப்பா பெயரைத்தான் எழுத வேண்டும், கணவர் பெயரை அல்ல. அம்மா மட்டுமே வளர்த்த பிள்ளைகள் அம்மா பெயரைக் கொடுக்கலாம் என்று 2018 கடைசியில் விதியை மாற்றினார்கள். கல்யாணம் ஆனதால் பான் கார்டில் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாற்ற விரும்பினால் திருத்த விண்ணப்பம் போடலாம்; பெயர் மாறும், எண் மாறாது. பழைய கார்டு தொலைந்துவிட்டது என்று புதிதாக இன்னொரு பான் எடுப்பது மட்டும் கூடவே கூடாது. ஒருவர் இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம். தொலைந்தால் அதே எண்ணில் மறு அச்சு கேட்கலாம்.

அண்ணி விஷயத்தில் பானை விட்டுவிட்டு ஆதாரைத் திருத்தினோம். பான் கார்டையே அடையாளச் சான்றாகக் கொடுத்தோம். அதிலேயே ஒரு வாரம் போனது. பெங்களூரு கம்பெனி தினமும் போன் செய்துகொண்டிருந்தது.

பெயர் பொருந்தாததால் பானும் ஆதாரும் இணையாமல் நிற்கிறவர்கள் நிறைய. 2023 ஜூலை முதல், இணைக்காத பான் செயலிழந்ததாகக் கணக்கு. 1,000 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டி இணைத்துக்கொள்ளலாம். 'கார்டுதான் கையில் இருக்கிறதே' என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். வருமான வரி இணையதளத்தில் லாக்-இன் செய்யாமலேயே இணைப்பு நிலையைப் பார்க்க முடியும். இரண்டு நிமிட வேலை.

40 லட்சம் இல்லையே, ஜி.எஸ்.டி எதற்கு?

அண்ணனின் கேள்வி இது. நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம். டெய்லரிங், பியூட்டி பார்லர், டியூஷன், டிசைனிங் போன்ற சேவைகளுக்கு 20 லட்சம். அண்ணியின் விற்பனை அதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால், பெங்களூரு கர்நாடகத்தில் இருக்கிறது. வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், நூறு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு கட்டாயம். இந்த 40 லட்சக் கணக்கு அங்கே செல்லாது. இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுத்து ஹைதராபாத்துக்கும் கொச்சிக்கும் பார்சல் போடும் எத்தனையோ பேருக்கு இது தெரியவே தெரியாது. குறிப்பிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு இருக்கிறது, பலகாரத்துக்கு இல்லை. சேவை செய்பவர்களுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. கோவையில் உட்கார்ந்து மும்பை கம்பெனிக்கு டிசைன் செய்து கொடுப்பவர் 20 லட்சம் வரை பதிவு இல்லாமலே இருக்கலாம்.

ஆன்லைன் தளங்களில் கடை போடுபவர்களுக்கு முன்பு முதல் ரூபாயிலிருந்தே ஜி.எஸ்.டி எண் கேட்டார்கள். 2023 அக்டோபரிலிருந்து, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வியாபாரிகள், பான் எண்ணை வைத்து ஜி.எஸ்.டி தளத்தில் ஒரு பதிவெண் மட்டும் வாங்கிக்கொண்டால் போதும் என்று தளர்த்தியிருக்கிறார்கள். பூ, காய்கறி போல வரிவிலக்குப் பெற்ற பொருட்களை மட்டும் விற்பவர்களுக்குப் பதிவே தேவையில்லை.

மாமனார் பெயரில் கரன்ட் பில்

ஜி.எஸ்.டி பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. எங்கள் தெருமுனையில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 3,500 ரூபாய் கேட்டார்கள். அவர்கள் உழைப்புக்குக் கூலி கேட்பது தவறில்லை. 'கவர்ன்மென்ட் ஃபீஸ்' என்று சொல்லிக் கேட்டதுதான் தவறு.

நானே உட்கார்ந்து செய்தேன். ஜிஎஸ்டி டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புதிய பதிவு என்ற பகுதிக்குப் போய் பான், மொபைல் எண், மெயில் ஐடி கொடுத்தால் இரண்டுக்கும் ஓ.டி.பி வரும். இங்கே அண்ணியின் சொந்த மொபைல் எண்ணைக் கொடுத்தோம். தயவுசெய்து ஆடிட்டர் எண்ணையோ சென்டர்காரர் எண்ணையோ கொடுக்காதீர்கள். பிறகு வரும் நோட்டீஸ் எல்லாம் அவர்களுக்குப் போய்ச் சேரும், உங்களுக்கு வராது. ஓ.டி.பி போட்டதும் ஒரு தற்காலிக எண் கிடைக்கும். அது 15 நாளுக்குச் செல்லும். அதற்குள் மீதி விண்ணப்பத்தை முடிக்க வேண்டும். கடைப் பெயர் என்ற இடத்தில் நீங்கள் விரும்பும் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். சட்டப்படியான பெயர் மட்டும் பானில் உள்ளபடி தானாக வந்து உட்காரும்.

போட்டோ, தொழில் நடக்கும் இடத்துக்கான சான்று, என்ன பொருள் விற்கிறோம் என்பதற்கான குறியீடு, அப்புறம் ஆதார் சரிபார்ப்பு. மொபைலுக்கு வரும் லிங்க்கில் ஓ.டி.பி போட்டால் பெரும்பாலானவர்களுக்கு முடிந்துவிடும். சிலரை மட்டும் சேவை மையத்துக்கு வந்து கைரேகை வைக்கச் சொல்வார்கள். வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிவு கிடைத்த பிறகு 30 நாளுக்குள் கொடுத்தாலும் சரி.

எல்லாம் சுமுகமாகப் போனால் ஏழு வேலை நாளில் எண் வந்துவிடும். எங்களுக்குப் போகவில்லை. ஐந்தாவது நாள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. தொழில் நடக்கும் வீட்டின் கரன்ட் பில் என் அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டு வரி ரசீதும் அப்பா பெயரில்தான். 'இவர் யார், உங்களுக்கு இந்த இடத்தைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது யார்' என்பது கேள்வி. கேட்டவரைக் குறை சொல்ல முடியாது. ஒன்பது வருடமாக ஒவ்வொரு பில்லையும் அப்பா பெயரிலேயே கட்டிக்கொண்டு, மாற்றுவோம் மாற்றுவோம் என்று தள்ளிப்போட்டது நாங்கள்.

பதில் கொடுக்க ஏழு வேலை நாள் அவகாசம். வாரிசுச் சான்றிதழைத் தேடி எடுத்தோம். அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் 'இந்த வீட்டில் தொழில் செய்ய எங்களுக்கு ஆட்சேபனை இல்லை' என்று சம்மதக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அம்மா படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "ஆறு வருஷமா அடுப்பு எரியுது, இப்பத்தான் நாம சம்மதம் குடுக்கிறமா?"

வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தமும் உரிமையாளர் பெயரிலான பில் நகலும் வேண்டும். வீட்டுக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். ஜி.எஸ்.டி என்றதும் சிலர் மிரண்டுவிடுகிறார்கள். வரி கட்டப்போவது குடியிருப்பவர்தான், தனக்கில்லை என்று புரிந்தால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

எண் வந்தது. 33 என்று தொடங்கியது. அது தமிழ்நாட்டுக்கான குறியீடு. அடுத்த பத்து இலக்கம் அப்படியே அண்ணியின் பான். மொத்தம் 15. ஆனால், நான்கு நாள் முன்பே பெங்களூரு கம்பெனி வேறு இடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டது. முந்நூறு பாக்ஸுக்கு என்று வாங்கி வைத்த அட்டைப் பெட்டிகள் வீட்டுப் பரணில் இருந்தன. அந்தத் தீபாவளிக்கு அண்ணி எங்களோடு சரியாகப் பேசவில்லை.

வாங்கினால் மட்டும் போதாது

ஜி.எஸ்.டி எண் வாங்குவது கார்டு வாங்கி பர்ஸில் வைப்பது போல அல்ல. வாங்கிய நாள் முதல் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதம் ஒரு முறுக்குகூட விற்கவில்லை என்றாலும், விற்கவில்லை என்று தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அப்படிப்பட்ட வெற்று ரிட்டர்னுக்கே நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். விற்பனை இருந்தால் 50. தெரிந்த பெண் ஒருவர், லோன் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எண் வாங்கிவிட்டு அப்படியே மறந்துவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து, ஒரு பொருளும் விற்காத கடைக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார். தேவையில்லை என்றால் பதிவை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பிக்கலாம். சும்மா விட்டுவிடுவதுதான் தப்பு.

அதனால், தமிழ்நாட்டுக்குள்ளேயே சின்ன அளவில் விற்பவர்கள் அவசரப்பட்டு ஜி.எஸ்.டி எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவர்களுக்கு அடையாளம் வேண்டும் என்றால் உத்யம் பதிவு இருக்கிறது. 2020 ஜூலையில் வந்தது. ஆதாரும் பானும் இருந்தால் போதும், கட்டணம் இல்லை. சிறுதொழில் செய்பவர் என்பதற்கான சான்றிதழ் கிடைக்கும். கடன் கேட்டுப் போகும்போதும் கடைப் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கும்போதும் கைகொடுக்கும்.

பான் இருந்தாலே வருமான வரி கட்ட வேண்டுமோ என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. இல்லை. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, 12 லட்சம் ரூபாய் வரை தொழில் வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி வராது. வருமானம் என்றால் லாபம், மொத்த விற்பனை அல்ல. ஆனால், 4 லட்சத்தைத் தாண்டினால் வரி இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ரிட்டர்ன் நகலைத்தான் வங்கிகள் வருமானச் சான்றாகக் கேட்கின்றன. சிறு வியாபாரிகள் எல்லாச் செலவுக்கும் பில் வைத்துக் கணக்குக் காட்ட முடியாது என்பதால், விற்பனையில் ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டும் எளிய முறையும் இருக்கிறது. லாபம் அதற்கு மேல் வந்தால், வந்ததைக் காட்ட வேண்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. லோன் வாங்கித் தருகிறேன், உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பான், ஆதார் நகலும் ஓ.டி.பி-யும் கேட்டால் கொடுக்காதீர்கள். கூலி வேலை செய்பவரின் பெயரில் போலி நிறுவனம் தொடங்கி, கோடிக்கணக்கில் வரி கட்டச் சொல்லி அவருக்கு நோட்டீஸ் வந்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். ஜி.எஸ்.டி தளத்தில் பான் எண்ணைக் கொண்டு தேடும் வசதி இருக்கிறது. உங்கள் பானைப் போட்டு, உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பாட்டி, தாத்தா பானையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அவர்கள்தான் கேட்டவருக்கெல்லாம் நகல் கொடுத்துவிடுகிறார்கள்.

அண்ணியின் கடைக்கு இப்போது அவர் பெயரிலேயே கணக்கு. க்யூஆர் கோடு அட்டை சமையலறை ஜன்னலில் இருக்கிறது. பணம் வந்தால் சத்தம் போடுவது அண்ணி போன். போன தீபாவளிக்கு ஓசூரிலிருந்து 120 பாக்ஸ், பெங்களூரிலிருந்து வேறொரு ஆபீஸில் 80. பரணில் இருந்த பழைய பெட்டிகளில் பாதி பூச்சி அரித்திருந்தன. மீதியை உபயோகித்தார். கரன்ட் பில்லையும் ஒருவழியாக அம்மா பெயருக்கு மாற்றிவிட்டோம்.

பதிவுச் சான்றிதழைத் தொழில் நடக்கும் இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும் என்பது விதி. அண்ணி அதை பிரேம் போட்டு, எண்ணெய்ப் புகை படாத சுவராகப் பார்த்து மாட்டியிருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது அவருடைய அப்பாவும் வந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "ஏம்மா, இதுல என் பேரும் இருக்குதே?" என்றார்.

"உங்க பேரு இல்லப்பா, அது என் பேரு" என்றார் அண்ணி, ஜல்லிக்கரண்டியைக் கீழே வைக்காமல்.